டாம்பா விரிகுடாவில் அப்பாவை மீன்பிடிக்கக் கூட்டிப்போக வேண்டும், கைடு வைத்துப் போனவர்கள் சொல்லுங்கள்

பிராண்டன்வாசி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் டாம்பா பக்கத்தில் பிராண்டனில் இருக்கிறேன், ஃப்ளோரிடா வந்து ஆறு வருஷம் ஆகிறது. அக்டோபர் முதல் வாரம் அப்பாவும் அம்மாவும் ஊரிலிருந்து வருகிறார்கள், மார்ச் வரை இருப்பார்கள். அப்பாவுக்கு 68 வயது. தொண்டிக்குத் தெற்கே ஒரு மீனவக் கிராமம் எங்களுடையது, பன்னிரண்டு வயதில் தாத்தாவோடு வள்ளத்தில் ஏறியவர், அறுபது வயதில் முழங்கால் தேய்ந்து டாக்டர் சொன்ன பிறகுதான் இறங்கினார். போன தடவை இங்கே வந்தபோது மூன்று மாதம் வீட்டுக்குள்ளேயே டிவி முன்னால் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. இந்தத் தடவை அவரைத் தண்ணீரில் ஒரு நாளாவது இறக்கிவிட வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன்.

ஆஃபீஸில் கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஆழ்கடலுக்குப் போ, பெரிய மீன் கிடைக்கும் என்கிறார் ஒருவர். இன்ஷோர் போ, விரிகுடாவுக்குள்ளேயே சுற்றினால் போதும் என்கிறார் இன்னொருவர். எனக்குத் தெரிய வேண்டியது: முழங்கால் வலி இருப்பவருக்கு எது சரி, செலவு எவ்வளவு ஆகும், லைசன்ஸ் யார் எடுக்க வேண்டும், எந்த மாதம் போகலாம். அப்புறம் உண்மையான கவலை ஒன்று இருக்கிறது. இங்கே பிடித்த மீனில் பாதியைத் திரும்பக் கடலில் விடச் சொல்வார்களாமே. அப்பா வாழ்நாள் முழுக்க வீட்டுச் சோற்றுக்காக மீன் பிடித்தவர். கைக்கு வந்த மீனை விடு என்று ஒரு வெள்ளைக்காரர் சொன்னால் அவர் மனசு என்ன பாடுபடும் என்று தெரியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


ரஸ்கின்_அண்ணாச்சி எழுதியது:

தம்பி, நல்ல காரியம் செய்யப் போகிறீர்கள். நான் பதினாலு வருஷமாக டாம்பா விரிகுடாக் கரையில் ரஸ்கினில் இருக்கிறேன், வருஷத்துக்கு மூன்று நாலு தடவையாவது கைடோடு போய்விடுவேன், மற்ற நாட்களில் கரையில் நின்று போடுவேன்.

முதலில் ஆழ்கடலை மறந்துவிடுங்கள். மெக்சிகோ வளைகுடாவில் இந்தப் பக்கம் அடித்தளம் மிகவும் மெதுவாகச் சரிகிறது, நல்ல ஆழம் வேண்டுமென்றால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் அலையில் குதித்துக்கொண்டே போக வேண்டும், திரும்பி வருவதற்கும் அதே நேரம். முழங்கால் தேய்ந்தவருக்கு அது தண்டனை. விரிகுடா அப்படியில்லை. டாம்பா விரிகுடா ஏறக்குறைய 400 சதுர மைல் பரப்பு, ஆனால் சராசரி ஆழம் பன்னிரண்டு அடி வாக்கில்தான். நீங்கள் மீன்பிடிக்கப் போகும் இடத்தில் இடுப்பளவுத் தண்ணீர்தான் இருக்கும், பல இடங்களில் முழங்கால் அளவு. அடியில் கடல்புல் தெரியும், கரையில் அலையாத்தி மரங்கள், நடுநடுவே சிப்பித் திட்டுகள். உங்கள் அப்பா அதைப் பார்த்ததும் பாக் நீரிணை ஞாபகம் வராமல் போகாது.

படகில் இரண்டு வகை உண்டு. ஸ்கிஃப் என்பது பதினாறு பதினெட்டு அடி நீளம், ஒரு சாண் தண்ணீரிலும் போகும், கைடு பின்னால் ஒரு மேடையில் நின்று நீளக் கழியால் ஊன்றித் தள்ளுவார். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் இரண்டு பேர்தான் ஏறலாம், பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது, வயசானவருக்கு வேண்டாம். பே போட் கேளுங்கள். இருபத்திரண்டு இருபத்துநாலு அடி, பக்கச் சுவர் கொஞ்சம் உயரம், சாய்ந்து உட்கார இடம் உண்டு, மூன்று நாலு பேர் தாராளமாகப் போகலாம். ஏறுவதற்கு மிதக்கும் மேடை உள்ள மெரினாவாக, அதாவது படகுத்துறையாகப், பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள், சரிவில் தண்ணீரில் இறங்கி ஏறுகிற இடமாக இருந்தால் முழங்காலுக்கு ஆகாது.

செலவு, அரை நாள் என்றால் நாலு மணி நேரம், நான் கொடுத்தவரை 400 முதல் 600 டாலர் வரை, படகுக்கு, ஆளுக்கு அல்ல. அதற்கு மேல் 15, 20 சதவீதம் டிப்ஸ் கொடுப்பது வழக்கம், அதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ராடு, ரீல், இரை எல்லாம் அவர்களுடையது. ஃப்ளோரிடாவில் கைடு ஆட்களைக் கூட்டிப்போக எடுத்திருக்கும் சார்ட்டர் லைசன்ஸிலேயே படகில் வருபவர்களும் அடக்கம், நீங்களோ அப்பாவோ தனியாக எடுக்கத் தேவையில்லை. கேப்டனுக்குக் கோஸ்ட் கார்ட் லைசன்ஸ் இருக்கிறதா என்று கேளுங்கள், கேட்பதில் தப்பில்லை, நல்லவர்கள் முகம் சுளிக்க மாட்டார்கள்.

மாதம் என்றால் அக்டோபர் கடைசி, நவம்பர் முதல் பாதி. வெயில் தணிந்திருக்கும், ரெட்ஃபிஷ் கூட்டமாகத் திரியும், ஸ்னூக் என்ற மீனுக்குச் சீசன் நம் பக்கம் செப்டம்பர் 1 முதல் நவம்பர் 30 வரை திறந்திருக்கும். டிசம்பரில் வாடை மாதிரி ஒரு குளிர்காற்று வடக்கிலிருந்து அடிக்கும், அது தண்ணீரையே விரிகுடாவிலிருந்து வெளியே தள்ளிவிடும். காலையில் போனால் புல்மேடு எல்லாம் காய்ந்து கிடக்கும், படகு நுழையாது. ஸ்னூக்கும் குளிர் தாங்காத மீன். 2010 ஜனவரியில் வந்த குளிரில் அவ்வளவு செத்து மிதந்தது, அதற்கப்புறம் வளைகுடாப் பக்கம் 2013 வரை ஒரு ஸ்னூக்கைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோக விடவில்லை.

மீனைத் திரும்ப விடுவது பற்றி வேறு யாராவது விவரமாகச் சொல்வார்கள். நான் சொல்வது ஒன்றுதான், அதைப் படகில் வைத்துச் சொல்லாதீர்கள். வீட்டிலேயே, ஒரு வாரம் முன்பே சொல்லிவிடுங்கள்.


மதுரைப்பொண்ணு எழுதியது:

அண்ணாச்சி சொன்னதோடு நான் ஒன்று சேர்க்கிறேன், இது எங்களுக்குப் பட்ட அனுபவம். மூன்று வருஷத்துக்கு முன்னால் என் மாமனாரை இப்படித்தான் கூட்டிப்போனோம். ஆன்லைனில் நட்சத்திரம் பார்த்து ஒரு கேப்டனைப் பிடித்தோம், பேர் வேண்டாம். மாமனாருக்குச் சர்க்கரை, பிரஷர் இரண்டுக்கும் மாத்திரை, மணிக்கு ஒரு தடவை பாத்ரூம் போயாக வேண்டும். இந்தச் சின்னப் படகுகளில் பாத்ரூம் கிடையாது. எங்களுக்கு அது தோன்றவே இல்லை, அவரும் சொல்லவில்லை. ஒன்றரை மணி நேரம் ஆனதும் மாமனார் முகம் மாறிவிட்டது, கூச்சத்தில் என்னிடம் சொல்லவும் முடியவில்லை. என் வீட்டுக்காரர் கேட்டதும் அந்த ஆள் "இப்போதான் மீன் கடிக்க ஆரம்பிச்சிருக்கு, இன்னும் அரை மணி நேரம்" என்றார். அந்த அரை மணி நேரத்தை என்னால் மறக்க முடியாது.

இன்னொன்று. அந்த ஆள் தானே தூண்டிலை வீசி, தானே மீனைக் கொக்கியில் மாட்டி, பிறகு ராடை மாமனார் கையில் கொடுத்துச் சுற்றச் சொன்னார். நாலு மீன் வந்தது, போட்டோ எடுத்தோம். வீட்டுக்கு வந்ததும் மாமனார், "நான் ஒண்ணும் பிடிக்கலையேம்மா, ரீலைத்தானே சுத்துனேன்" என்றார். அவ்வளவு பணம் கொடுத்து அவர் மனசில் நின்றது அதுதான்.

அதனால் போன் பண்ணும்போதே சொல்லிவிடுங்கள், அப்பா ஐம்பது வருஷம் கடலில் இருந்தவர், அவரே வீச வேண்டும், அவரே கொக்கி மாட்ட வேண்டும், மீன் எண்ணிக்கை எங்களுக்கு முக்கியமில்லை என்று. அதைக் கேட்டுச் சந்தோஷப்படுகிற கேப்டன்தான் உங்களுக்கு வேண்டியவர். நடுவில் ஒருமுறை கரைக்கு வர முடியுமா என்றும் கேளுங்கள். எடுத்தவுடனே தயங்கினால் வேறு ஆளைப் பாருங்கள், அங்கே கைடுக்குப் பஞ்சமே இல்லை.


ஹூஸ்டன்காரன் எழுதியது:

நான் டெக்சாஸ், அதனால் டாம்பா இடங்கள் தெரியாது. ஆனால் ராக்போர்ட் பக்கமும் லகூனா மாட்ரேயிலும் இதே மாதிரி ஆழமில்லாத தண்ணீரில் பல தடவை போயிருக்கிறேன். இங்கே பல கைடுகள் படகை நிறுத்திவிட்டு இறங்கி நடக்கச் சொல்வார்கள். உங்கள் ஊரிலும் யாராவது அப்படிச் சொன்னால் அப்பாவை இறக்காதீர்கள், சேறு முழங்காலை இழுத்துவிடும். நீங்கள் இறங்கினால் காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு தேய்த்துக்கொண்டே நடங்கள், திருக்கை மணலில் புதைந்து கிடக்கும், தேய்த்தால் அதிர்வு தெரிந்து விலகிப் போய்விடும்.

மீனைத் திரும்ப விடுவது பற்றி: 2021 பிப்ரவரி உறைபனியில் டெக்சாஸ் கரையில் குறைந்தது 38 லட்சம் மீன் செத்தது என்று மாநில மீன்வளத்துறை கணக்குச் சொன்னது. அந்த வாரம் கரையில் நடந்துபோனவன் நான். காலடி வைக்க இடமில்லாமல் ட்ரௌட் கிடந்தது. அதுவரைக்கும் எனக்கும் பெரிய மீனை விடுவதற்கு மனசு வராது. இப்போது யாரும் சொல்லாமலே விடுகிறேன்.


பிராண்டன்வாசி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. அக்கா சொன்ன பாத்ரூம் விஷயம் எனக்குச் சத்தியமாகத் தோன்றியிருக்காது, அப்பாவுக்கும் பிரஷர் மாத்திரை உண்டு. இரண்டு கேள்வி மட்டும். அப்பா கைத்தூண்டில்காரர், தூண்டில் நரம்பை விரலில் வைத்துப் பிடித்துப் பழகியவர், ராடும் ரீலும் அவர் தொட்டதே இல்லை. படகில் ஏறித்தான் பழக வேண்டுமா? இன்னொன்று, இந்த அளவு கணக்கு எனக்கே சரியாகப் புரியவில்லை. ஸ்னூக் 28 அங்குலத்துக்குக் கீழே இருந்தாலும் விட வேண்டும், 33க்கு மேலே இருந்தாலும் விட வேண்டும் என்றால் நான் அப்பாவுக்கு எப்படி விளக்குவது? சின்ன மீனை விடு என்றால் அவருக்குப் புரியும். பெரிய மீனை ஏன் விட வேண்டும்?


மண்டபம்_மீன்வளம் எழுதியது:

வணக்கம் தம்பி. நான் தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் படித்தவன், இப்போது மண்டபத்தில் இருக்கிறேன், ஃப்ளோரிடா பார்த்ததில்லை. ஆனால் உங்கள் இரண்டாவது கேள்விக்கு உங்கள் அப்பாவின் ஊரிலிருந்தே பதில் சொல்லலாம் என்பதால் எழுதுகிறேன்.

ஸ்னூக் என்பது நம் கொடுவாவுக்கு உறவுக்கார மீன். ஒரு காலத்தில் இரண்டையும் ஒரே குடும்பத்தில்தான் வைத்திருந்தார்கள், பிறகு பிரித்தார்கள். நீண்டு சரிந்த தலை, துருத்திய கீழ்த்தாடை, கத்தி மாதிரி செவுள் ஓரம், உப்புத் தண்ணீரிலும் கழிமுகத்திலும் மாறி மாறி வாழும் குணம், எல்லாமே கொடுவாதான். முக்கியமான ஒற்றுமை என்ன தெரியுமா, இரண்டுமே முதலில் ஆணாக வளர்ந்து, பெரிதான பிறகு பெண்ணாக மாறுகிறவை. அப்படியென்றால் பெரிய மீன் எல்லாம் ஏறக்குறைய பெண். அதிகமாக முட்டை போடுவதும் அதுதான். 33 அங்குலத்துக்கு மேல் இருப்பதை எடுத்துவிட்டால் தாய்மீனை எடுத்துவிட்டதாக அர்த்தம். 28க்குக் கீழே இருப்பதை எடுத்தால் இனி பெண்ணாக மாற வேண்டியதை எடுத்துவிட்டோம். நடுவில் இருப்பதில் ஒன்று எடுத்துக்கொள் என்கிறார்கள், அவ்வளவுதான் கணக்கு. அப்பாவிடம் ஸ்னூக் என்ற பேரையே சொல்லாதீர்கள். அமெரிக்கக் கொடுவா என்று சொல்லி ஆரம்பியுங்கள்.

அப்புறம், ஸ்னூக்கை 1957லிருந்தே அங்கே விற்கக் கூடாது. எந்தக் கடையிலும் ஹோட்டலிலும் ஃப்ளோரிடாவில் பிடித்த ஸ்னூக் கிடைக்காது, தானே பிடித்தவன்தான் சாப்பிட முடியும். ரெட்ஃபிஷ்ஷுக்கும் அப்படித்தான் ஆனது. 1980களில் மசாலா தடவிக் கருக வறுத்த ரெட்ஃபிஷ் நாடு முழுக்கப் பிரபலமாகி, வலை போட்டு அள்ளி, மீனே அருகிப்போய், பிறகு ஃப்ளோரிடா விற்பனையைத் தடை செய்தது. நம் கரையில் விசைப்படகு இழுவை மடி வந்த பிறகு என்ன ஆனது என்று உங்கள் அப்பாவுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம், அவர் கண்ணால் பார்த்தவர். இதைச் சொன்னால் அவரே உங்களுக்கு இரண்டு மணி நேரம் பேசுவார்.

இன்னும் இரண்டு விஷயம் அவருக்குச் சொல்லி வையுங்கள். அங்கே துள்ளிக் குதிக்கும் மடவை நம் மடவையேதான், அதே இனம், உலகம் முழுக்கச் சூடான கடலில் உண்டு. அங்கே கடல்புல்லில் மேய வரும் மனாட்டி, நம் ஆவுளியா என்கிற கடல்பசுவின் உறவு. தமிழ்நாடு அரசு 2022ல் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை ஆவுளியாவுக்குக் காப்பகமாக அறிவித்தது. அங்கே மனாட்டி இருக்கும் இடத்தில் எஞ்சினை மெதுவாக ஓட்ட வேண்டும் என்று பலகை வைத்திருப்பார்கள், கடல்புல் மேட்டில் சில இடங்களில் எஞ்சினையே இறக்கக் கூடாது. ப்ரொப்பெல்லர் வேரோடு கிழித்த கோடு மூடுவதற்குப் பல வருஷம் ஆகும். உங்கள் கேப்டன் புல்மேட்டை நெருங்கும்போது எஞ்சினைத் தூக்கிவிட்டு மின்மோட்டாரிலோ கழியிலோ நகர்கிறாரா என்று பாருங்கள். ஒரு கைடைப் பற்றி எனக்கு ஒரே ஒரு கேள்வி கேட்க அனுமதி கொடுத்தால் நான் அதைத்தான் கேட்பேன்.


ரஸ்கின்_அண்ணாச்சி எழுதியது:

மண்டபத்து ஐயா சொன்னது பிரமாதம், எனக்கே இவ்வளவு தெரியாது.

தம்பி, ரீல் பழகுவதற்கு விரிகுடாவின் குறுக்கே இருக்கும் ஸ்கைவே பாலத்துக்குக் கூட்டிப்போங்கள். 1980 மே மாதம் கப்பல் மோதிப் பழைய பாலம் இடிந்து 35 பேர் இறந்தார்கள் அல்லவா, அந்தப் பழைய பாலத்தின் மிச்சத்தைத்தான் இப்போது மீன்பிடிக்கும் மேடையாக வைத்திருக்கிறார்கள். கார் உள்ளேயே போகும், காரை நிறுத்திய இடத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து தூண்டில் போடலாம், முழங்காலுக்கு அதைவிட வசதி வேறு இல்லை. உள்ளே போகக் கட்டணம் உண்டு, மீன்பிடி லைசன்ஸ் தனியாக வேண்டாம். இரண்டு சாயங்காலம் போதும்.

அப்பாவிடம் ட்ராக் என்று சொல்லிக் குழப்ப வேண்டாம். கைத்தூண்டிலில் பெரிய மீன் இழுக்கும்போது விரலிடுக்கில் நரம்பை விட்டுக்கொடுப்போமே, அந்த வேலையை இங்கே ரீலுக்குள் ஒரு திருகு செய்கிறது என்று சொல்லுங்கள். மீன் ஓடும்போது சுற்றக் கூடாது, நின்றதும் சுற்ற வேண்டும். ஒரு தடவை சொன்னால் போதும்.

இன்னொன்று, அம்மா சாப்பாடு கட்டினால் வாழைப்பழம் வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். இங்கே நிறைய கேப்டன்கள் வாழைப்பழத்தைப் படகில் ஏற்ற விடமாட்டார்கள், அபசகுனம் என்பார்கள். அவர்கள் நம்பிக்கை, நாம் மதித்துவிட்டுப் போவோம். கிளம்பும் வாரம் ரெட் டைட் (கடலில் நச்சுப் பாசி பெருகுவது) இருக்கிறதா என்று ஃப்ளோரிடா மீன், வனவிலங்கு ஆணையத்தின் வரைபடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். 2021 கோடையில் அது வந்தபோது கரையில் நிற்க முடியவில்லை, தொண்டை எரிந்தது, கண்ணில் தண்ணீர். விதிகள் அடிக்கடி மாறும், அதனால் அளவையும் எண்ணிக்கையையும் அதே ஆணையத்தின் பக்கத்தில் கிளம்பும் முன் ஒரு தடவை சரிபார்த்துவிடுங்கள்.


பிராண்டன்வாசி எழுதியது:

போய்விட்டு வந்தோம். உடனே எழுத வேண்டும் என்று நினைத்தேன், வேலையில் இரண்டு வாரம் ஓடிவிட்டது.

மூன்று கேப்டன்களுக்குப் போன் செய்தேன். முதல் இரண்டு பேரும் எத்தனை மீன் பிடித்துத் தருவோம் என்பதையே சொன்னார்கள். மூன்றாமவரிடம் அப்பாவைப் பற்றிச் சொன்னதும் "என்ன வலை போடுவார், எந்த மீன், எவ்வளவு ஆழம்" என்று அவர் என்னைக் கேட்க ஆரம்பித்துவிட்டார், பதினைந்து நிமிஷம் பேசினோம். அங்கேயே முடிவு செய்துவிட்டேன். அக்டோபர் கடைசி வாரம், ஒரு புதன்கிழமை லீவு போட்டேன், சனி ஞாயிறு படகுக் கூட்டம் அதிகம் என்று அவரே சொன்னார்.

விடிவதற்கு முன்னால் ரஸ்கினில் ஏறினோம். அப்பா செருப்பைக் கழற்றி மேடையில் வைத்துவிட்டுத்தான் படகில் கால் வைத்தார். கேப்டன் ஒன்றும் சொல்லவில்லை, செருப்பை எடுத்துப் படகுக்குள் ஒரு ஓரமாக வைத்தார். முதல் வேலை இரை பிடிப்பது. புல்மேட்டில் நிறுத்தி, ரொட்டியும் டின் மீனும் பிசைந்து தண்ணீரில் தூவினார், கொஞ்ச நேரத்தில் சின்ன மீன்கள் பளபளவென்று சுழன்றன, நம் சூடை மாதிரியே இருந்தன. கேப்டன் வீச்சு வலையை எடுத்தார். ஓரத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு வீசினார். அப்பா என் பக்கம் திரும்பி, "இவனும் பல்லுலதான்டா கடிக்கிறான்" என்றார். அவர் முகம் அப்படி மலர்ந்ததை நான் பார்த்து எத்தனை வருஷம் ஆகிறது.

இரண்டு வீச்சிலும் கொஞ்சம்தான் வந்தது. நான் ஒன்று போடட்டுமா என்று அப்பா கேட்டார். கேப்டன் அவர் முழங்காலைப் பார்த்துவிட்டு யோசித்தார், பிறகு வலையைக் கொடுத்தார், நானும் அவரும் ஆளுக்கொரு பக்கம் நின்றுகொண்டோம். அப்பா முதலில் ஈயக் கயிற்றைக் கையால் தடவிக்கொண்டே போனார், ஒவ்வொரு குண்டாக. எங்கள் ஊர் வலையைவிடக் கனம் அதிகம், நூலும் வழவழப்பு. முதல் வீச்சு சரியாக விரியவில்லை, ஒரு பக்கம் மடிந்து வாழைப்பூ மாதிரி விழுந்தது. அப்பா பேசவில்லை. வலையை இழுத்துப் பிழிந்து, மறுபடி மடித்து, இடது தோளில் கொஞ்சம் கூடுதலாகப் போட்டுக்கொண்டார். இரண்டாவது வீச்சு வட்டமாகப் போய் உட்கார்ந்தது. ஈயம் முழுக்க ஒரே சமயத்தில் தண்ணீரைத் தொடும் அந்தச் சத்தம், சின்ன வயதில் விடியற்காலையில் பாயில் படுத்துக்கொண்டு நான் கேட்ட சத்தம். இழுக்கும்போது கேப்டனும் கை கொடுக்க வேண்டியிருந்தது. இரைத்தொட்டி அந்த ஒரே வீச்சில் நிறைந்துவிட்டது. அதற்கப்புறம் அன்று முழுக்க அவர் அப்பாவை "கேப்டன்" என்றுதான் கூப்பிட்டார்.

ஓதம் ஏறும்போது அலையாத்தி ஓரமாக மின்மோட்டாரில் போனோம், எஞ்சினைத் தூக்கியே வைத்திருந்தார். (மண்டபம் அண்ணனுக்காகக் கவனித்துப் பார்த்தேன்.) 24 அங்குலத்தில் ஒரு ரெட்ஃபிஷ், வைத்துக்கொண்டோம். ட்ரௌட் இரண்டு சின்னது, விட்டுவிட்டோம். பத்து மணி வாக்கில் அப்பாவின் நரம்பு ஒரு இழு இழுத்தது, மரத்து வேருக்குள் போகப் பார்த்தது. அப்பா சுற்றவே இல்லை, ராடைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு அது களைக்கும் வரை நின்றார். ஸ்னூக். அளந்தால் 35 அங்குலம். நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே அப்பா, "இது தாய்க் கொடுவா, விட்டுரணும், அதானே?" என்றார். கையை நனைத்துக்கொண்டு, வயிற்றுக்கு அடியில் தாங்கி, தண்ணீருக்குள் வைத்து அது வாலை அசைக்கும் வரை பிடித்துக்கொண்டே இருந்தார். நான் இரண்டு வாரமாகப் பயந்துகொண்டிருந்த விஷயம் அரை நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

அவர் வருத்தப்பட்டது வேறொன்றுக்கு. நடுவில் கடல் கெளிறு மாட்டியது, கேப்டன் இடுக்கியால் கொக்கியைக் கழற்றித் தண்ணீரில் வீசினார். அப்பாவுக்குத் தாங்கவில்லை. "கெளித்தைப் போயி எறியுறானே, என்னன்னு கேளு" என்றார். கேட்டேன். இதை இங்கே யாரும் சாப்பிட மாட்டார்கள், முள் குத்தினால் கை வீங்கும் என்றார் கேப்டன். அதற்குத் தனி அளவு கட்டுப்பாடு எதுவும் கிடையாது, வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். அடுத்து வந்த நாலையும் அப்பா தானே வாங்கி, முதுகு முள்ளையும் பக்க முள் இரண்டையும் இடுக்கியால் ஒடித்து ஐஸ் பெட்டியில் போட்டார். நாற்பது வருஷமாகக் கைடாக இருக்கிற அந்த மனிதர் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்காவுக்கு ஒன்று சொல்ல வேண்டும், ஒன்பது மணிக்கு நாங்கள் கேட்காமலே கேப்டன் ஒரு கரைக்கு விட்டு நிறுத்தினார். போனில் நான் சொன்னதை மறக்கவில்லை. உங்களுக்குத்தான் நன்றி.

அன்று ராத்திரி அம்மா கெளிறைப் புளி, மாங்காய் போட்டுக் குழம்பு வைத்தார்கள், ரெட்ஃபிஷ்ஷை வறுத்தார்கள். அப்பா ரெட்ஃபிஷ்ஷில் ஒரு துண்டு எடுத்தார், சக்கை மாதிரி இருக்கிறது என்று தள்ளி வைத்துவிட்டார். குழம்பில் மூன்று தடவை போட்டுச் சாப்பிட்டார்.

பிப்ரவரியில் ஷீப்ஸ்ஹெட் என்று ஒரு மீன் வரும், மனுசப் பல் மாதிரிப் பல் இருக்கும், பாலத் தூணில் ஒட்டியிருக்கிற சிப்பியைக் கடித்துத் தின்னும் என்று கேப்டன் சொல்லியிருக்கிறார். அப்பா அந்தப் பல்லைப் பார்த்துவிட்டுத்தான் ஊருக்குப் போவேன் என்கிறார். படகில் இன்னும் ஒருவருக்கு இடம் இருக்கிறது, அண்ணாச்சி வருகிறீர்களா?


ரஸ்கின்_அண்ணாச்சி எழுதியது:

வருகிறேன் தம்பி. தேதியை மட்டும் முன்கூட்டிச் சொல்லுங்கள், அப்பாவிடம் அந்த இடது தோள் மடிப்பை எனக்குக் கற்றுத்தர முடியுமா என்றும் கேட்டு வையுங்கள். பதினாலு வருஷமாக என் வலை வாழைப்பூவாகத்தான் விழுகிறது.